மாமியார் எண்ணெயில் ஓர் உருகுநிலை

தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் வரும் என்று நம்புகிறவர்கள் பனிக்காலக் காலையொன்றில் இலங்கை மலைநாட்டின் நானுஓயாப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். அடுப்படியில் சூடு காட்டாமல் ஒரு சொட்டு இறங்காது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அந்தக் கூத்தை நடத்தினேன்.

அப்போது நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் புதிதாக வந்த இரசாயனவியல் டீச்சர். எங்கள் பாடசாலைக்கு உயர்தர (பல்கலைக்கழகத்துக்கு முந்திய) விஞ்ஞான வகுப்புத் தரலாமா என்று பார்க்க ஒரு கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. கிடைக்காவிட்டால் பிள்ளைகள் விடியுமுன் ஹட்டன் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் தொங்கவேண்டும், இல்லையென்றால் விஞ்ஞானத்தை மறந்துவிடவேண்டும். அதனால் நப்தலீனின் (துணிக்கு நடுவே போடும் பூச்சி உருண்டைதான்) உருகுநிலையை அளந்து காட்டி அசத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

நப்தலீன் தூளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, வெப்பமானியோடு நூலால் கட்டி, எண்ணெயில் இறக்கிச் சூடாக்கவேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்கான எண்ணெய் தீர்ந்திருந்தது. மாமியார் தலைக்கு வைக்க வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைச் சொல்லாமல் தூக்கி வந்தேன். (கேட்டால் தருவார். அதற்கு முன் ஒரு நேர்முகப் பரீட்சை நடக்கும்.) முதல்நாளே அதை கண்ணாடி முகவையில் ஊற்றி, குழாய் கட்டிய வெப்பமானியையும் இறக்கி வைத்தேன். காலையில் எண்ணெய் உறைந்து, வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி போல வெப்பமானி விறைப்பாக நின்றது. அதைத் தாங்கும் இரும்புப் பிடி எப்போதும் மக்கர் பண்ணும். இனி இது எதற்கு என்று கழற்றி வைத்துவிட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி வந்தார். பாடசாலை அதிபர் பக்கத்தில் கையைப் பிசைந்தபடி நின்றார். முகவைக்குக் கீழே விளக்கைப் பற்றவைத்து, முன்வரிசை மாணவி செல்வியிடம் சொன்னேன்: "வெள்ளையா இருக்கிறது கண்ணாடி மாதிரித் தெளிஞ்சதும், எத்தனை பாகைன்னு சத்தமாச் சொல்லணும்."

கொஞ்ச நேரத்தில் செல்வி சொன்னாள்: "இருபத்தஞ்சு, டீச்சர்."

நப்தலீன் எண்பதில் உருகவேண்டும். திரும்பிப் பார்த்தேன். உருகியிருந்தது எண்ணெய். பிடிமானம் போன வெப்பமானி மெதுவாகச் சாய்ந்து முகவையையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. அதிகாரி பாய்ந்து இரண்டையும் பிடித்தார். முழங்கை வரை மாமியார் எண்ணெய். வகுப்பு போச்சு என்று நினைத்தேன்.

"என்னம்மா உருகிச்சு?" என்று அவர் செல்வியைக் கேட்டார்.

"எண்ண சார். வெள்ளையா இருந்ததுல அதுதான் முதல்ல தெளிஞ்சிச்சு."

"சரியாத்தான் சொல்லியிருக்கு. தேங்காண்ண அந்தச் சூட்டுலதான் உருகும். பிள்ளைங்க ஒழுங்காப் பார்க்கிறாங்க. டீச்சருக்குத்தான் ஒரு நல்ல பிடி வாங்கிக் குடுக்கணும்."

அதிபர் கை துடைக்கத் துவாய் தேடி ஓடினார். அவர் வருவதற்குள் அதிகாரி கையிலிருந்ததை வழுக்கைத் தலையில் தேய்த்து முடித்திருந்தார். "நல்ல எண்ண. வீட்டுல காய்ச்சினதா?"

"மாமியார் காய்ச்சினதுங்க, சார்."

வகுப்பு கிடைத்தது. இன்றும் பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளை யாராவது இனிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தால், மாமியார்தான் முதலில் கையை நீட்டுகிறார். "எல்லாம் என் எண்ணயாலதானே" என்கிறார். போத்தலை எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.