டீச்சருக்கு நான் போட்ட ரோஜா மாலை

அடுத்தவரை உற்சாகப்படுத்தக் கிளம்புகிறவன், அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவே மாட்டான். கேட்டால் செய்ய வேண்டி வருமே. எங்கள் ஊரில் அந்த ஆள் நான்தான்.

கீழக்குயில்குடி தாண்டி எங்கள் ஊர். தொடக்கப்பள்ளிக்கு ஒரே டீச்சர். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்து வருவார். அவர் வந்த பிறகுதான் என் மகள் திக்காமல் வாசித்தாள். அந்த வருஷம் அவர் மாறுதல் கேட்கப்போவதாகப் பேச்சு. அவர் போனால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுவார்கள். எனக்குக் கோபம் வந்தது. (வராத நாள் எது?) அந்தப் பொம்பளைக்கு ஊரில் யாராவது மரியாதை செய்தோமா என்று டீக்கடையில் கத்தினேன். பெற்றோர் குழுத் தலைவர் நானேதான் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த நாளே ஆளுயர ரோஜா மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, மேளம். டீச்சரிடம் மூச்சுவிடவில்லை. திடீரென்று போய் அசத்த வேண்டுமாம்.

அசத்தினேன். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நடுவில் உட்காரவைத்து குரூப் போட்டோவும் எடுத்தாயிற்று. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பிள்ளை அழ, வகுப்பே சேர்ந்து அழுதது. இதெல்லாம் ஒரே நாளில் ஒரு வாத்தியாருக்கு நடந்தால் அவர் ஊரைவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

வாசலில் நின்ற ஒரு தாய், "டீச்சர் போறாகன்னா எம்புள்ளைக்கு டிசியக் குடுத்துருங்க" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "போறதா இல்லையான்னு நானே இன்னும் முடிவு பண்ணலண்ணே. என்னைய அனுப்ப உங்களுக்கு இம்புட்டு அவசரமா?"

"போகக் கூடாதுன்னுதான் டீச்சர் இம்புட்டும்."

மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலையில பஸ் ஏறுனா வீடு திரும்புற வரைக்கும் நான் தண்ணி குடிக்கிறதில்ல. இங்க கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. பெற்றோர் கூட்டம் போடுறப்பல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு மாலை வேணாம்ணே. ஒரு தாழ்ப்பாள் வச்சுக் குடுங்க."

ஊரே என் பக்கம் திரும்பியது. நான் என்ன தொழில் செய்கிறேன் என்று இதுவரை சொல்லவில்லை. வெல்டிங் பட்டறை. கதவு, கேட், கிரில். பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான்.

அப்போதே போய் மிஷினைத் தூக்கி வந்தேன். மேளக்காரர்கள், வாங்கின கூலிக்கு வாசித்துத்தான் தீருவோம் என்றார்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்ததற்குக் கெட்டிமேளம் கொட்டியது எங்கள் ஊரில்தான்.

டீச்சர் மாறுதல் கேட்கவில்லை. அந்தத் தாயும் டிசி வாங்கவில்லை. இப்போது டீச்சர் மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ஆசிரியருக்கு ஊக்கம் தர வேண்டும் என்று எவனாவது மைக்கில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் கக்கூஸ் கதவைப் பார்த்துவிட்டு வா.

இதையெல்லாம் என் மனைவியிடம் மட்டும் பேச முடியாது. வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் அவள் சொல்வது ஒன்றுதான்:

"சரி பண்ணுங்க, போதும். மாலை கீலை வாங்கிட்டு வந்துராதீக."