நாற்பத்தெட்டை வெட்டிய படலம்

வாழ்க ஷாமளா! செம்பனைத் தோப்புகள் சூழ்ந்த லூனாஸ் நகரின் செல்வி, ஆறாம் படிவத்துப் பெண்சிங்கம், கால்குலேட்டர் ஏந்திய கரத்தாள், சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிய கோதை! அவள் ஒரு பயிற்சித் தாளோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம்; கலைமகளே, எம் நாவில் வந்தமர்வாயாக. உனக்கு நேரமில்லை என்றால் ஒரு நல்ல டியூஷன் ஆசிரியரையாவது அனுப்பி வை.

அன்று சனிக்கிழமை; பல்கலைக்கழக விண்ணப்பம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும் நாள். முதல் இடத்தில் மருந்தியலைப் போட மகள் துடித்தாள். வணிக நிர்வாகமே போதும் என்று தாய் தேவகி மலைபோல் மறித்து நின்றாள். அது கண்டு வெகுண்ட நம் வீராங்கனை, மூவுலகும் கேட்க இல்லாவிடினும் பக்கத்து வீடு கேட்க ஒரு சபதம் செய்தாள்.

"மா, இன்னிக்கு ட்ரையல் பேப்பர்ல எண்பது எடுத்தா பார்மசிதான் ஃபர்ஸ்ட். ஒரு மார்க் கொறைஞ்சாலும் நீங்க சொல்றதப் போடுறேன்."

"சரிலா, பாப்போம்" என்றாள் தேவகி.

போர்க்களம், தோழி ஃபரீதாவின் தந்தை ஷம்சுதீனின் சாப்பாட்டுக் கடை. தே ஐஸ் எனும் குளிர்ந்த தேநீர் ஒன்றே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஓரத்து மேசையை மூன்று மணி நேரம் முற்றுகையிடுவது அந்நாட்டு மாணவர் குலத்தின் தொன்றுதொட்ட போர்முறை. ஃபரீதா காலையிலேயே வேதியியலும் உயிரியலும் கலந்த இரண்டு மாதிரித் தாள்களை ஃபோட்டோஸ்டேட் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஸ்கீமா எனப்படும் விடைக்குறிப்பை ஸ்டேப்பிள் அடித்து வைத்திருந்தாள். செட் ஏ ஷாமளாவுக்கு. செட் பி கல்லாவில் உட்கார்ந்தபடி எழுதத் தனக்கே.

எழுந்தது போர்! அமிலங்கள் சீறின, காரங்கள் கனன்றன, அயனிகள் அணிவகுத்து வந்து அவள் பென்சில் முனையில் மாண்டன. பத்து கிராம் சோடியம் ஹைட்ராக்சைடில் எத்தனை மோல் என்று ஒரு வினா அறைகூவ, நாற்பதால் வகுத்து 0.25 என்று ஒரே வீச்சில் வீழ்த்தினாள். இறுதியாகக் கொக்கரித்து வந்தது கோழிக்கணக்கு: மரபணுச் சமநிலையில் உள்ள நூறு கோழிகளில் பதினாறு வெள்ளை, வெண்மை ஒடுங்கு பண்பு, அதை வெளிக்காட்டாமல் சுமப்பவை எத்தனை? 0.4 என்றாள், 0.6 என்றாள், இரண்டையும் பெருக்கி இரட்டித்து நாற்பத்தெட்டு என்று முரசறைந்தாள். பிறகு தே ஐஸில் ஒரு வாய் குடித்தாள்.

திருத்தும்போது தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு எழுபத்திரண்டு வந்தது. எஞ்சியவை இந்த இரண்டு வினாக்கள், தலைக்கு ஐந்து மதிப்பெண். ஸ்கீமாவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியவள் இடியுண்ட நாகமானாள். அங்கே 0.40 என்றும் நாற்பத்திரண்டு என்றும் இருந்தது.

ஸ்கீமா தவறாகுமோ? சூரியன் மேற்கே உதித்தாலும் உதிக்கலாம், ஸ்கீமா பொய்க்காது என்று பாலர் பள்ளி முதல் பயின்று வந்த குலமல்லவா! விடையைப் பார்த்தபின் திருத்துவது திருட்டன்றோ எனக் கேட்பீராயின், கேர்லெஸ் மிஸ்டேக் என்று பெயரிட்டால் திருட்டாகாது என்பது மாணவர் அறநூல். எனவே காணாமற்போன ஆறு கோழிகளைத் தேடிப் புறப்பட்டாள் காரிகை. அவள் பார்வை, கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறமாய்க் கிடந்த பொரித்த கோழியின்மேல் விழுந்தது.

"மைக்ரேஷன்லா! ஆறு கோழி வெளிய போயிருச்சு!" என்று அவள் முழங்க, ஷம்சுதீன் பதறிப் போனார்.

"எந்தக் கோழிமா? நம்ம கடையில எல்லாம் காலையில வந்ததுதான்."

அவள் கேளாள். சோடியம் ஹைட்ராக்சைடோ காற்றின் ஈரத்தைக் குடித்துப் பதினாறு கிராமாக ஊதிவிட்டது என்று எழுதி, அதற்கு மூன்று நிரூபணங்களும் கண்டாள். பின்னர் கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, 0.25-ஐயும் நாற்பத்தெட்டையும் குறுக்கே வெட்டிச் சாய்த்து, ஸ்கீமாவின் விடைகளை அரியணை ஏற்றினாள். மணி நாலு நாற்பது.

அப்போது கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள் ஃபரீதா. "ஷாமளா, என் பேப்பர்ல வெள்ளைக் கோழி ஒம்பதுதான். எனக்கு நாப்பத்திரண்டு வருது, ஸ்கீமால நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. உனக்கு?"

இரு தாள்களும் மேசைமேல் மலர்ந்தன. "யா அல்லா! கடைசிப் பக்கத்த மாத்தி அடிச்சிட்டேன்லா."

"அப்ப நான் மொதல்ல எழுதுனது சரி. எண்பத்திரண்டு!"

"வெட்டுனதுக்கு மார்க் இல்லலா" என்றாள் ஃபரீதா. தீர்ப்பு வழங்குவதில் அவள் தராசு முள்ளைப் போன்றவள்.

அந்தோ! எதிரி வெட்டாத தலையைத் தானே வெட்டிக்கொண்ட தலைவியே! செட் பி-யை எழுதி மானம் காக்கலாம் என்றால், அதன் கடைசிப் பக்க விடைகளோ இப்போது அவளுக்குக் கோழி உட்பட மனப்பாடம். வெட்டப்பட்ட நாற்பத்தெட்டு சிவப்புக் கோட்டுக்கு அடியிலிருந்து அவளையே பார்த்தது. எழுபத்திரண்டென்று எழுதுவதா, எண்பத்திரண்டென்று எழுதுவதா என அறமும் ஆசையும் அவள் நெஞ்சாகிய குருதிக்களத்தில் பதினெட்டு நிமிடம் கட்டிப் புரண்டன.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஷாமளா பார்மசியை முதல் இடத்தில் போட்டுக் கைபேசியிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு ஃபோன் அடித்து எண்பத்திரண்டு என்று சொன்னாள்.