கொட்டாவிச் சாமியார் மகிமை

கொட்டாவிச் சாமியார் வாயைத் திறந்தால் போதும், சளி பிடித்த ஊரே சிலிர்த்துப் போகும். முகத்துக்கு நேரே ஒரு கொட்டாவி, அவ்வளவுதான். ஏழே நாளில் சளி பறந்துவிடும். கொட்டாவி இல்லாவிட்டாலும் ஏழு நாளில் அது பறக்கும் என்று யோசிக்க யாருக்கு நேரம்? டோக்கன் வாங்கவே பொழுது போதவில்லை.

சுகாதார அலுவலகத்தில் நோயாளிக் கணக்கு எழுதும் கணக்கக்காவால் மட்டும் அதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தங்கை கணவருக்குக் காசநோய். ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டும். இரண்டாம் மாதம் இருமல் குறைந்தது. அதே வாரம் பார்த்து அவர் சாமியிடம் போயிருந்தார். மாத்திரை பரண் ஏறிவிட்டது.

"மாத்திரை சாப்பிட்டா கொட்டாவி கோவிச்சுக்குமாம்க்கா" என்றாள் தங்கை.

"அந்த மனுஷன் செத்துருவாருடி!"

தங்கை காதில் ஏறவில்லை. அக்கா நேரே சாமியிடம் போனாள்.

"சாமி, உங்க மகிமைய ஊருக்கே கணக்குப் போட்டுக் காட்டிடலாமா?"

சாமிக்கு உச்சி குளிர்ந்தது.

நடுவில் ஒரு திரை, அதில் ஒரு ஓட்டை. சளி பிடித்து வந்த ஒவ்வொருவருக்கும் அக்கா நாணயம் சுண்டினாள். தலை விழுந்தால் ஓட்டைக்குப் பின்னால் சாமி. பூ விழுந்தால், இரவு வேலை முடித்து வந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன். யாருக்கு யார் கொட்டாவி என்பது அவள் நோட்டுக்குத்தான் தெரியும். வாட்ச்மேன் வஞ்சகமே இல்லாமல் ஒன்றுக்கு மூன்றாக விட்டார்.

எட்டாம் நாள் கூட்டத்தின் முன்னால் நோட்டைப் பிரித்தாள். சாமியிடம் வாங்கிய இருபத்தொரு பேரில் பத்தொன்பது பேருக்குக் குணம். வாட்ச்மேனிடம் வாங்கிய இருபது பேரில் பதினெட்டு.

கூட்டம் அப்படியே திரும்பி வாட்ச்மேன் காலில் விழுந்தது.

"எழுந்திரிங்கய்யா, எனக்குத் தூக்கம் வருது!" என்று அலறினார் அவர்.

"திரைக்கு அடியில என் கொட்டாவி கசிஞ்சிருச்சு!" என்று கத்தினார் சாமி.

"சரி சாமி. வரிசை நீளமா இருக்குன்னு கொட்டாவியே வாங்காம வீட்டுக்குப் போன பத்தொன்பது பேரையும் போய்ப் பார்த்தேன். பதினேழு பேருக்குச் சரியாப் போச்சே?"

"அதுவும் காத்துல பரவினதுதான்."

"வீடு தேடிக் காத்துலயே வருதுன்னா, டோக்கன் எதுக்கு சாமி?"

சாமி வாயை மூடினார். வாய் மூடிய சாமியை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் நின்ற தங்கை வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "அவருக்கு ரெண்டு நாளா இருமினா ரத்தம் வருதுக்கா. சொல்லப் பயந்தேன்."

"இப்பவே டாக்டர்கிட்ட நட. பரண்ல இருக்கிற மாத்திரையையும் எடுத்துக்கோ."

வாசலில் ஒரு பெரியவர் மறித்தார். "அப்போ அடுத்த தடவை சளி பிடிச்சா யார்கிட்டம்மா போறது?"

"போனவங்க எத்தனை பேருக்குச் சரியாச்சுன்னு மட்டும் கேட்காதீங்க ஐயா, போகாதவங்க எத்தனை பேருக்குச் சரியாச்சுன்னும் கேளுங்க. நீங்க யோசிக்காம தூங்குற வரைக்கும் எவனாவது உங்க முகத்துல கொட்டாவி விட்டுக்கிட்டேதான் இருப்பான்."