சொந்த நெட்வொர்க்கும் யூசுப் பாயின் தண்ணீர்த் தொட்டியும்

சந்தேகப் பிராணிக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கக் கூடாது. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் என் மனைவி செல்வியிடம் மிக்ஸி ரிப்பேரைப் பற்றிப் போனில் பேசினேன். சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால் வரிசையாக மிக்ஸி விளம்பரம். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள்! (வேங்கிக்கால் வாடகை வீட்டிலிருந்து நான் பேசுவது அப்பேர்ப்பட்ட ராணுவ ரகசியம்.) அன்றைக்கே முடிவுக்கு வந்தேன்: வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொந்தமாக நெட்வொர்க் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் கம்பெனிக்காரன் எதற்கு?

முதல் இணைப்பு, அடி அண்ணாமலையில் இருக்கும் மச்சான் குமரன் வீட்டுக்கு. தட்டு மாதிரி இரண்டு ஆன்டெனா வாங்கினேன். அவன் மாடியில் ஒன்று, என் மாடியில் ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் போதும், பேசிக்கொள்ளும். மேப்பைத் திறந்து நேர்க்கோடு போட்டு, அந்தத் திசைக்குத் திருப்பி வைத்தேன்.

"மாமா, இங்க ஒண்ணும் வரலயே," என்றான் குமரன், போனில்தான். (ஒட்டுக் கேட்டவன் சிரித்திருப்பான்.)

அந்தத் திசையில் பக்கத்து வீட்டு யூசுப் பாயின் தண்ணீர்த் தொட்டி நின்றது. பாயின் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கம்பெனியோடு கூட்டு!

"உங்க தொட்டிதாங்க மறைக்குது. வேணும்னே வச்சீங்களா?"

"நீங்க குடி வர்றதுக்கு முன்னாடியே அங்கதான் சார் இருக்குது. நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயம். வீடு பூரா ஆளுங்க, இப்பப் போய்..."

"பாத்தியா, சாக்கு!" என்றேன் செல்வியிடம், அவர் காதிலும் விழும்படி.

"அவரு நல்ல மனுஷருங்க. வம்பு வேணாம்," என்றாள். கேட்டேனா?

விசேஷ வீட்டில் தகராறு எதற்கு என்று பாய் பிளம்பரைக் கூப்பிட்டார். தொட்டியைக் காலி செய்து, குழாயை அறுத்து, ஆள் வைத்துத் தள்ளினார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க மாடிக்கு வந்துவிட்டார்கள்.

தொட்டி நகர்ந்த இடத்தில் மலை நின்றது. முழுசாக. தினமும் காலையில் அதே மாடியிலிருந்து நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் மலை. அதற்கு அந்தப் பக்கம்தான் குமரன் வீடு. மேப்பில் பச்சையாக, தட்டையாகக் கிடந்ததால் நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பாய் மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதையும் நகத்தணுமா சார்?"

அறுத்த குழாய் அன்றைக்கு ஒட்டவில்லை. மறுநாள் நிச்சயத்துக்குத் தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. சுமந்தவன் நான். பிரியாணி அண்டா பக்கத்தில் குடமும் கையுமாக நின்ற என்னைக் காட்டி, "யாருங்க இவரு?" என்று ஆரணியிலிருந்து வந்த சம்பந்தி கேட்டார். பாய் ஒன்று விடாமல் சொன்னார்.

கம்பெனிக்காரன் கேட்கிறான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமே இல்லை. ஆனால் அதை யாரிடமும் பேச முடிவதில்லை. கல்யாணம் முடிந்து, பாய்க்குப் பேரனும் பிறந்தாயிற்று. இப்போதும் சம்பந்தி ஊருக்கு வந்தால் முதலில் பாய் வீட்டு மாடி ஏறுவார். மலையை ஒருமுறை நன்றாகப் பார்ப்பார். பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டி, ரொம்ப அக்கறையாக என்னைக் கேட்பார்:

"இன்னும் அங்கயேதான் இருக்குதுங்களா?"