அன்சர்பாஸ்ட் கிணறு

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எங்கள் ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கும். என்ன செய்ய, எனக்கு இங்கிலீஷ் தெரிந்து தொலைத்திருந்தது.

கற்பிட்டி ரோட்டில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாத உப்பு. அதைச் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றைத் தருவதற்காக ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். மாம்புரிப் பக்கத்து ஊரொன்றும் அதையே கேட்டிருந்தது. இரண்டையும் நேரில் பார்த்துத்தான் முடிவு. "கதைக்க நம்மட பொடியன் இருக்கான்" என்று பள்ளிவாசல் தலைவர் என்னைப் பிடித்துக் கொடுத்தார். (பரீட்சை எழுதிவிட்டு, பெருமையடிப்பதைத் தவிர வேறு தொழில் இல்லாத காலம்.)

அந்த வாரம்தான் டியூஷன் சேர் அன்சர்பாஸ்ட் என்ற சொல்லைப் படிப்பித்திருந்தார். "நல்லது எண்டா அதவிட நல்லது வரலாம். அன்சர்பாஸ்ட் எண்டா மிஞ்ச ஒண்டுமே இல்ல. கதை முடிஞ்சு." அதை எங்கே இறக்கலாம் என்று நானும் அலைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில்தான் தேத்தண்ணி. விருந்தாளிக்கு உப்புத் தேத்தண்ணி கொடுப்பதா? உம்மா கடையில் ஃபில்டர் தண்ணி வாங்கி ஊற்றியிருந்தா. அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டார். நான் அதை உம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"ஓம் எண்டு சொல்லுங்க மகன். வந்த மனிசிக்கு முன்னால மானத்த வாங்காதீங்க."

சொன்னேன். கிணறு அன்சர்பாஸ்ட். தண்ணீர் அன்சர்பாஸ்ட். அவர் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவா என்று கேட்டார். மரியாதைக்கு இன்னொரு தடவையும் சொன்னேன்.

மெஷின் மாம்புரிப் பக்கம் போனது. மிஞ்ச ஒன்றுமில்லாத தண்ணீரை எந்த மெஷின்தான் திருத்தும்? "அப்பிடி என்னதான்டா சொன்னாய்?" என்று கேட்ட தலைவருக்குப் பொருள் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பாவம் மனிசன்.

இன்றைக்கும் அங்கே போய்த்தான் கேனில் தண்ணீர் பிடித்து வருகிறோம். தூக்கித் தூக்கி உம்மாவுக்கு இடுப்பே போய்விட்டது.

போன நோன்பில் ஒருநாள் கேன் காலி. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிட்டார்கள். உம்மா பேரீச்சம்பழத்தைக் கடித்து, கிணற்றுத் தண்ணியில் ஒரு மிடறு குடித்தா. முகம் கோணியது. என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் சொல்லைச் சொன்னா.

"அன்சர்பாஸ்ட்."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.