பதினாலு வீட்டுத் தேங்காய்

பழைய பேப்பர் கடையில் இரவல் வாங்கி வந்த கொக்கித் தராசில் பெட்டியை மாட்டித் தம் பிடித்துத் தூக்கினார் குணசேகர். முள் முப்பது கிலோவில் போய் நின்றது. விமானத்தில் இருபத்து மூன்றுக்கு மேல் விடமாட்டார்கள்.

"இன்னாம்மா வெச்சிருக்கே உள்ளே?"

"தேங்காய், அங்கிள்," என்றாள் கிர்ஸ்டன். "பதினாலு."

டென்மார்க்கிலிருந்து வந்து, குணசேகர் வீட்டு மாடியில் தங்கி, மர்பி டவுன் மாலைப் பள்ளியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக் கொடுத்தவள். இன்று மதியம் மூன்றரைக்கு விமானம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். ஊருக்குப் போகிற பெண்ணைத் தாம்பூலம் கொடுக்காமல் அனுப்ப அந்தத் தெருவில் யாருக்கும் மனசு வராது. வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, அதன்மேல் முழுசாக ஒரு தேங்காய். பதினாலு வீடு கொடுத்தாகிவிட்டது.

குணசேகர் மாலைப் பள்ளியின் செயலாளர். போன வருடம் வந்த போலந்துப் பையனுக்கும் தெருவே திரண்டு விருந்து வைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் கை நனைத்து, அழுது, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அவனை விட்டுவிட்டு விமானம் பறந்துவிட்டது. விசாவும் தீர்ந்து போனதில், பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்ட பாவத்துக்குக் குணசேகர் பதினோரு நாள் லீவு போட்டு அலைந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் உங்கள் பள்ளிக்கு ஆள் அனுப்பமாட்டோம் என்று தொண்டர்களை அனுப்பும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து கடிதம் வேறு வந்தது. ஆள் வராவிட்டால் பள்ளிக்கு வாத்தியார் கிடையாது, நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது.

இந்த லட்சணத்தில் அவர் மனைவி ரஞ்சிதம், அல்சூர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். ஆறு மாதம் மகள் மாதிரி கூடவே இருந்த பெண் ஊருக்குக் கிளம்புகிறாள், இவளுக்கு மீன் கேட்கிறது. வீட்டுத் தாம்பூலம்கூட இன்னும் கொடுத்தபாடில்லை. குணசேகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்கிள், ரஞ்சிதம் ஆன்ட்டி வரட்டும். அப்புறம் போகலாம்," என்றாள் கிர்ஸ்டன்.

"அவளுக்கு இல்லாத அக்கறை உனக்கு எதுக்கும்மா? நீ போய்த் தலை வாரு."

அவள் உள்ளே போனதும் பதினாலு தேங்காயையும் சாக்கில் போட்டுக் கொல்லை வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். முனையில் இருந்த பூஜை சாமான் கடைக்காரர் சீனுவிடம், "சும்மாவே வெச்சுக்கோ. யார் கிட்டயும் மூச்சு விடாதே," என்று சொல்லிவிட்டு வந்து, பெட்டியை மறுபடி நிறுத்துப் பார்த்தார். சரியாக இருபத்து மூன்று. காலையிலிருந்து அப்போதுதான் நிம்மதியாக ஒரு வாய் காபி குடித்தார்.

காபி தீர்வதற்குள் பதினைந்தாவது வீட்டு யசோதா தட்டோடு வந்துவிட்டாள். தாம்பூலம் கொடுத்த கையோடு எட்டு மணியிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ரத்தினம்மாளும், அவளுக்குத் துணையாக அழுதுகொண்டிருந்த உஷாவும் தட்டை எட்டிப் பார்த்தார்கள். ரத்தினம்மாளின் அழுகை நின்றது.

"ஏம்மா யசோதா, உன் தேங்காய்ல எப்படி என் பேரு?"

வெள்ளை மார்க்கரில், அப்போதுதான் தமிழ் எழுதப் பழகிய கையெழுத்தில், 'ரத்தினம்மாள்' என்று இருந்தது. யார் கொடுத்தது என்று மறந்துவிடக் கூடாதே என்று கிர்ஸ்டன் எல்லாத் தேங்காயிலும் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். குணசேகர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நான் காசு குடுத்து சீனு கடையில வாங்கினேன். உன் பேரு எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் யசோதா.

"அது வந்து, இந்தப் பொண்ணு தமிழ் எழுதிப் பழகணும்னு கடைத் தேங்காய்லல்லாம் எழுதிட்டா," என்று அளந்தார் குணசேகர்.

"அப்ப நான் குடுத்தது பெட்டியில இருக்கும்ல? திறங்க பார்க்கலாம்," என்றாள் உஷா.

திறந்தார்கள். துணிமணியைத் தவிர வேறொன்றும் இல்லை. குணசேகர் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் சாக்கை இறக்கினார் சீனு.

"அண்ணா, மீதி பதிமூணும் இந்தாங்க. பேரு எழுதின தேங்காய் வேணாம்னுட்டாங்க. யசோதாம்மா அவசரத்துல பார்க்காம எடுத்துனு போய்ட்டாங்க போல."

அதற்குப் பிறகு யாரும் அழவில்லை. "குடுத்த தாம்பூலத்தைக் கடையில போடுற வீட்ல எனக்கு இன்னா வேலை," என்று ரத்தினம்மாள் முதலில் எழுந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மணி பார்த்தார் குணசேகர். பத்தே முக்கால். மதியம் வரை இழுக்க வேண்டிய வழியனுப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்திருந்தது. மானம் போனாலும் விமானம் போகாது என்று தேற்றிக்கொண்டார்.

டாக்ஸி வந்தது. "தேங்காய் இல்லாம நான் வரமாட்டேன்," என்று அடம் பிடித்தாள் கிர்ஸ்டன். யசோதாவின் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாக்கை டிக்கியில் போட்டார்.

"அங்கிள், ஃப்ளைட்..."

"ஃப்ளைட்டைப் பத்தி நீ கவலையே படாதே. அது என் பொறுப்பு."

விமான நிலையம் போகிற வழியில் ஹெப்பாள் வருவதற்குள் ரஞ்சிதம் நான்கு தடவை போன் செய்தாள். ஊறுகாயோ கருவாடோ மறந்திருப்பாள், அதற்காக வண்டியைத் திருப்பச் சொல்லுவாள். நான்கு தடவையும் கட் செய்தார். கிர்ஸ்டன் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், "பேசாதேம்மா, பேசினா அழுகை வந்துடும்," என்றார். உண்மையில் அழுகை வரப் பார்த்தது அவருக்குத்தான். நாளை முதல் சாயங்காலம் ஆறு மணிக்கு யார் மாடியிலிருந்து 'அங்கிள், டீ' என்று கத்துவார்கள்?

விமான நிலையத்தில் பெட்டியை இறக்கியதும், அவள் தள்ளுவண்டி எடுத்து வருவதற்குள் சாக்கை டிரைவரிடமே கொடுத்துவிட்டார். "எல்லாம் ஆசீர்வாதம் பண்ண தேங்காய்ப்பா. வண்டிக்கு நல்லது." அவர் கும்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

வாசல் காவலர் டிக்கெட்டை வாங்கினார். ஒரு முறை பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னவென்று குணசேகர் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஐந்தாவது தடவையாகப் போன் அடித்தது. கை தவறி எடுத்துவிட்டார்.

"வாசல்லயே நிறுத்திட்டாங்களா?" என்றாள் ரஞ்சிதம். "ஃப்ளைட் நாளைக்குங்க. இந்தத் தெரு அவளை அனுப்பவே ஒரு நாள் ஆவும்னு, ஒரு நாள் முந்தின தேதியை உங்க கிட்ட சொல்லுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். நீங்க சொன்ன நேரத்துக்குக் கிளம்புவீங்கன்னு யாரு கண்டா? மூணு பேருக்கு மீன் குழம்பு வெச்சிருக்கேன், அந்தப் பொண்ணைக் கூட்டினு வாங்க. வர்றப்ப மறக்காம ஒரு தேங்காய் வாங்கினு வாங்க, நம்ம வீட்டுத் தாம்பூலம் இன்னும் பாக்கி இருக்குது."