பந்தைத் தொடாத கோச்

ஒரு முறைகூட பந்தைக் கையால் தொடாமல் பாஸ்கெட்பால் கோச் ஆன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் விருத்தாசலத்தில்தான் இருந்தார். பெயர் நீளமாக என்னவோ உண்டு. எங்களுக்கு அவர் சூளை மாஸ்டர்.

இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. எங்கள் பீங்கான் கம்பெனி முதலாளிக்கு பாஸ்கெட்பால் பைத்தியம். உயரமாக வளர்ந்த ஒரே தகுதிக்காக எங்கள் எட்டுப் பேரையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். ஆடுவதுதான் வேலை. அவர் கண்ணை மூடியதும் மகன் வந்தார். பழைய கோச்சை அனுப்பிவிட்டு, "இந்த சீசன்ல ஒரு மேட்சாவது ஜெயிங்க. இல்லன்னா டீமும் கெடையாது, வேலையும் கெடையாது" என்றார். கம்பெனியிலேயே உரக்கக் கத்தத் தெரிந்தவர் சூளையைப் பார்த்துக்கொண்டவர்தான் என்பதால் அவரே புது கோச் ஆனார்.

முதல் நாளே மாஸ்டர் பந்தைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு பலகையைத் தோளில் ஏற்றினார். பலகை நிறைய சுடாத பச்சைக் கப்புகள்.

"ஓடுங்கடா!"

"மாஸ்டர், இது பாஸ்கெட்பாலுங்க."

"தெரியும்டா. ஒரு கப்பு வுழுந்தா இன்னும் பத்து ரவுண்டு."

ஒரே மாதத்தில் எங்கள் கைகள் எதையும் பூப்போலத் தாங்கப் பழகிவிட்டன. வினையே அதுதான். திட்டக்குடியில் முதல் மேட்ச். எறிய வேண்டிய பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, அடுத்தவன் கையில் பத்திரமாக வைத்தோம். தரையில் தட்ட யாருக்கும் மனசு வரவில்லை. பாவம், நடுவர் விசில் ஊதி ஊதியே களைத்துப்போனார்.

அடுத்து பெண்ணாடத்து மேட்சில் நாக்குத் தள்ளிப்போய், "மாஸ்டர், டைம் அவுட் கேளுங்க" என்று கெஞ்சினோம்.

"சூடா இருக்கறப்ப எவனாச்சும் சூளையத் தெறப்பானாடா? வெரிசல் வுட்டுரும். ஆடுங்க!"

சீசன் முழுக்க அவர் டைம் அவுட்டே கேட்கவில்லை. நாங்களும் ஜெயிக்கவில்லை.

கடைசி மேட்ச் சொந்த ஊரில். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். கடைசி நொடியில் கூடைக்கு நேர் கீழே, பந்தோடு நான். எறிந்தால் உடைந்துவிடும் என்று கை தயங்கியது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி மூன்று மாதம்தான். எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் எங்களை அனுப்பிவிடச் சின்ன முதலாளி கூப்பிட்டார். மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

"இவனுங்கள எனக்குக் குடுத்துருங்க. சூளைக்கு ஆளு வேணும்."

"இவங்களுக்கு என்னங்க வேலை தெரியும்?"

"வந்துதான் பாருங்களேன்."

எட்டுப் பேரும் ஒரு சூளை நிறையப் பச்சைக் கப்புகளைச் சுமந்து அடுக்கினோம். ஒன்றுகூட உடையவில்லை. சின்ன முதலாளி சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் முன்பே போட்ட திட்டமா என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

"திட்டமாவது மண்ணாவது! அந்தப் பந்து எழவப் பத்தி எனக்கு என்னடா தெரியும்? தெரிஞ்சதச் சொல்லிக் குடுத்தேன்" என்றவர், என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டார்.

இன்றைக்கும் டி.வி.யில் பாஸ்கெட்பால் வந்தால் நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் நின்று கத்தும் கோச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் போன பிறகு, என்னை அத்தனை உரிமையோடு திட்ட யாருமே இல்லை.